வீட்டுக்கு ஒரு வீ.ஆர். ஹெட்செட்: வாங்கும் முன் பார்க்க வேண்டிய கணக்கு

எமது கடைக்கு வருபவர்களில் இப்போது மாதத்துக்கு ஐந்தாறு பேராவது "நானா, வீ.ஆர். கண்ணாடி இருக்கா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். பெரும்பாலும் தகப்பன்மார். மகன் கேட்கிறான், கட்டாரில் இருக்கும் மச்சான் அடுத்த மாதம் வருகிறார், அவரிடம் எந்த மொடலைச் சொல்லியனுப்புவது என்பதே கேள்வி. நான் விற்பது சார்ஜர், கேபிள், ஸ்பீக்கர் வகையறாக்கள், வீ.ஆர். சாமான் விற்பதில்லை. ஆனால் ஒரு வருடத்துக்கு மேலாக எங்கள் வீட்டில் ஒன்று பாவனையில் இருக்கிறது. அதைத் தெரிவு செய்யவும் பொருத்தவும் தேடிப் படித்ததையும் கையால் செய்து பார்த்ததையும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்வதிலும் பார்க்க இந்தப் பத்தியில் எழுதிவிடுவது மேல் என்று தோன்றியது. வாசகர்களில் சிலர் வாங்குவதோடு நிற்காமல் விற்கவும் எண்ணக்கூடியவர்கள். ஆகவே இரண்டு பக்கத்தையும் தொட்டுச் செல்கிறேன்.

கண்ணை முழுதாக மூடும் ஒரு பெட்டி, அதற்குள் ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு படம், இடையில் ஒரு வில்லை. சாமான் இவ்வளவுதான். இரண்டு கண்ணுக்கும் சற்று வித்தியாசமான படம் போவதால் மூளை அதை ஆழமுள்ள காட்சியாக எடுத்துக்கொள்கிறது. தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்புகிறது. இதில் இரண்டு வகை இருப்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். ஒரு வகையில் தலையைத் திருப்பலாம், ஆனால் ஓர் அடி முன்னால் வைத்தால் காட்சி அசையாது. மற்ற வகையில் நீங்கள் நடந்தால் காட்சிக்குள்ளும் நடக்கிறீர்கள், குனிந்தால் மேசைக்குக் கீழே தெரிகிறது. புறக்கோட்டையில் சில ஆயிரம் ரூபாவுக்குக் கிடைக்கும், தொலைபேசியை உள்ளே செருகும் பிளாஸ்டிக் பெட்டிகள் எல்லாம் முதல் வகை. கூகுள் 2014 இல் மட்டை அட்டையில் செய்து காட்டிய கார்ட்போர்டின் வாரிசுகள் அவை. ஒரு வாரம் பிள்ளைகள் பார்ப்பார்கள், பிறகு அலுமாரிக்கு மேலே போய்விடும். வீட்டுக்கு வாங்குவதானால் இரண்டாம் வகையையே வாங்குங்கள், இல்லாவிட்டால் வாங்காமலே இருங்கள்.

இரண்டாம் வகையில் இன்று சாதாரண குடும்பத்துக்குக் கைக்கெட்டுவது மெட்டா கம்பனியின் குவெஸ்ட் வரிசை. பேஸ்புக் 2014 இல் ஒக்யூலஸ் என்ற கம்பனியை 200 கோடி டொலருக்கு வாங்கியது. அதிலிருந்து வந்தவை இவை. கணினி தேவையில்லை, வயர் தேவையில்லை, எல்லாம் ஹெட்செட்டுக்குள்ளேயே இருக்கிறது. 2023 ஒக்டோபரில் குவெஸ்ட் 3 வந்தபோது விலை 499 டொலர். ஒரு வருடம் கழித்து 2024 ஒக்டோபரில் குவெஸ்ட் 3எஸ் 299 டொலருக்கு வந்தது. 2025 இல் டொலர் 300 ரூபாவை அண்டி நின்ற கணக்கில் ஒன்று ஏறத்தாழ ஒன்றரை இலட்சம், மற்றது தொண்ணூறாயிரம். முறையாக இறக்குமதி செய்தால் இதற்கு மேல் ஏற்றுகூலி, சுங்கத்தில் வருவது, 18 வீத வற் வரி என்று ஏறும். விலை வாங்கும் நாளில் எப்படியிருக்கும் என்று இப்போதே அடித்துச் சொல்ல முடியாது. பழைய மொடல் என்றால் விலை இறங்கத்தானே வேண்டும் என்று நாம் நினைப்போம். ஆனால் குவெஸ்ட் 2 வெளிவந்து இரண்டு வருடம் ஆகும் தறுவாயில், 2022 ஓகஸ்ட்டில், அதன் விலையை 299 டொலரிலிருந்து 399 ஆகக் கூட்டினார்கள். எமது தெருவில் ஒருவர் அப்படிச் செய்தால் அடுத்த கடைக்காரர் சிரிப்பார்.

இரண்டுக்கும் மூளை ஒன்றுதான். ஒரே சிப், ஒரே விளையாட்டுகள். வித்தியாசம் வில்லையிலும் திரையிலும். 3 இல் இருப்பது மெல்லிய புதிய வகை வில்லை. பார்வையின் ஓரம் வரை எழுத்துத் தெளிவாகத் தெரியும். 3எஸ் இல் இருப்பது குவெஸ்ட் 2 காலத்து வளைய வில்லை. நடுவில் தெளிவு, ஓரத்தில் மங்கல், கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வந்தால் ஒளி சிதறும். விளையாட்டுக்கும் 360 பாகை வீடியோவுக்கும் 3எஸ் தாராளமாகப் போதும். பெரிய திரைபோல வைத்துக் கணினி வேலை செய்யவோ எழுத்து வாசிக்கவோ எண்ணினால் 3 ஐத் தவிர்க்க வழியில்லை.

ஆனால் விலையை விட நான் முக்கியமாகக் கருதுவது கண்ணளவு. இதை இங்கே யாரும் சொல்வதில்லை. இரண்டு கண்மணிகளுக்கும் இடையிலுள்ள தூரம் ஆளுக்காள் வேறுபடும். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 60 மில்லிமீற்றரை அண்டி இருக்கும். வில்லைகளின் நடு உங்கள் கண்மணிக்கு நேரே வராவிட்டால் படம் மங்கும், தலைவலிக்கும், கண் களைக்கும். "வீ.ஆர். எனக்கு ஒத்துவரவில்லை" என்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். 3 இல் ஒரு சக்கரத்தைத் திருப்பி மில்லிமீற்றர் கணக்கில் சரிசெய்யலாம். 3எஸ் இல் 58, 63, 68 என்று மூன்றே நிலைகள். இடைப்பட்ட கண் உள்ளவர் கிட்டிய நிலையில் வைத்துச் சமாளிக்க வேண்டும். மூக்குக் கண்ணாடி செய்யும் கடைக்குப் போய் "பீ.டீ. அளந்து தாருங்கள்" என்றால் இரண்டு நிமிடத்தில் அளந்து தருவார்கள். கண்ணாடி அணிபவராயின் உங்கள் மருந்துச் சீட்டிலேயே அது எழுதப்பட்டிருக்கக் கூடும். வீட்டில் பாவிக்கப்போகும் எல்லோரினதும் அளவை ஒரு துண்டில் எழுதி வைத்துக்கொண்டு மொடலைத் தீர்மானியுங்கள். எங்கள் வீட்டில் எனக்கு 64, மனைவிக்கு 59, மகனுக்கு 62. மூன்று நிலைக்குள் மூவரும் ஓரளவு அடங்குவதால் 3எஸ் எடுத்தோம். அறுபதாயிரம் ரூபா மிச்சம். மூக்குக் கண்ணாடியோடும் மாட்டலாம், அதற்கு இடம் விடும் ஏற்பாடு உண்டு. ஆனால் உங்கள் கண்ணாடி உள்வில்லையில் உரசினால் கீறு விழும், அந்தக் கீறு போகவே போகாது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வீட்டில் ஏற்கனவே பிளேஸ்டேஷன் 5 இருந்தால் மாத்திரம் சொனியின் பீ.எஸ்.வீ.ஆர். 2 பற்றி யோசிக்கலாம். 2023 இல் 549 டொலருக்கு வந்ததை 2025 மார்ச்சில் 399 ஆகக் குறைத்தார்கள். அப்பிளின் விஷன் புரோ 2024 இல் 3,499 டொலருக்கு வந்தது. அந்தப் பணத்துக்கு ஒரு முச்சக்கரவண்டி பற்றிப் பேசலாம்.

இனிப் பாவித்த சாமான் விடயம். இதை விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் எமது ஆட்கள் அடிபடக்கூடிய இடம் இதுதான்.

என் தங்கையின் மகன் இருபத்துநான்கு வயதுப் பொடியன். பாடசாலைக் கண்காட்சிகளுக்கும் வீட்டு விசேஷங்களுக்கும் வீ.ஆர். ஹெட்செட் வாடகைக்கு விடும் யோசனை அவனுக்கு. யோசனை மோசமானதல்ல. ஒருவரிடம் பத்து ஹெட்செட் ஒரே லொட்டாக வந்திருந்தது. நல்ல பெயருள்ள கம்பனிகளின் பொருட்கள், கீறலில்லை, பெட்டியோடு, ஒன்று பதினெட்டாயிரம். மொத்தம் ஒரு இலட்சத்து எண்பதாயிரம் ரூபா. தங்கைக்கு விழுந்த சீட்டுப் பணம் அப்படியே அதற்குப் போக இருந்தது. "மாமா, ஒருக்கா வந்து பாருங்க, நாளைக்குக் காசு கொடுக்கணும்" என்று கூப்பிட்டான். போய்ப் பார்த்தேன். பெட்டியில் விண்டோஸ் மிக்ஸ்ட் ரியாலிட்டி என்று அச்சிட்டிருந்தது. அத்தோடு எனக்கு விடயம் விளங்கிவிட்டது.

இந்த வகை 2017 இல் மைக்ரோசொஃப்ட் கொண்டுவந்தது. ஏசர், லெனோவோ, சம்சுங், எச்.பி. எல்லோரும் செய்தார்கள். ஹெட்செட் வெறும் கண்தான். உயிர் விண்டோஸுக்குள் இருந்தது. 2023 டிசம்பரில் மைக்ரோசொஃப்ட் இதைக் கைவிடுவதாக அறிவித்தது. 2024 ஒக்டோபரில் வந்த விண்டோஸ் 11 இன் 24எச்2 பதிப்பில் அந்தப் பகுதியை அடியோடு எடுத்துவிட்டார்கள். புதிய பதிப்புள்ள கணினியில் செருகினால் ஹெட்செட் வேலை செய்வதில்லை. பழைய விண்டோஸை அப்படியே வைத்திருப்பவர்கள் பாவிக்கலாம். ஆர்வலர்களுக்கான மாற்று வழியொன்றும் 2025 இல் வெளிவந்தது, அதுவும் எல்லாக் கணினிக்கும் சரிவராது. இப்படியான சாமானைக் காசுக்கு வாடகைக்கு விட்டு, கண்காட்சி நடக்கும் காலையில் கணினி தானாக அப்டேட் ஆகிவிட்டால் என்ன செய்வது? விற்றவர் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. அவரும் லொட்டாகத்தான் எடுத்திருப்பார், செருகிப் பார்த்திருக்கமாட்டார். எங்கள் கணினியைக் கொண்டுவருகிறோம், பத்தையும் இயக்கிக் காட்டுங்கள் என்று கேட்டோம். பேச்சு அத்தோடு முடிந்தது. சீட்டுப் பணம் தங்கையிடமே இருக்கிறது.

மைக்ரோசொஃப்ட் மட்டும் இப்படிச் செய்ததாக எண்ண வேண்டாம். கூகுள் தனது டேட்ரீமை 2019 இல் நிறுத்தியது. சம்சுங்கின் கியர் வீ.ஆர். அதே வருடம் வந்த நோட் 10 தொலைபேசியில் பொருந்தவில்லை. மெட்டாவும் 2018 இல் விட்ட ஒக்யூலஸ் கோவுக்கு 2020 முடிவோடு புதிய செயலிகளை ஏற்பதை நிறுத்தியது. 2019 இன் முதல் குவெஸ்ட்டுக்கு 2023 முதல் புதிய வசதிகள் இல்லை. குளிர்சாதனப் பெட்டியை விற்ற கம்பனி மூடப்பட்டாலும் பெட்டி குளிர்ந்துகொண்டேயிருக்கும். இது அப்படியான சாமானல்ல. ஆகவே பாவித்ததை வாங்கும்போது கீறலைப் பார்க்க முன்னர் அந்த மொடலுக்கு இன்னும் மென்பொருள் வருகிறதா என்று பாருங்கள்.

பாவித்த குவெஸ்ட் 2 எமது சந்தையில் அதிகம் ஓடும் என்று எதிர்பார்க்கலாம். 3எஸ் வந்ததோடு அதன் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். அதை வாங்குபவர்கள் மூன்று காரியம் செய்ய வேண்டும். முகத்தில் படும் பஞ்சுக்கு மேல் சிலிக்கோன் உறை இருக்கிறதா என்று பாருங்கள். சிலருக்குத் தோலில் அரிப்பு ஏற்பட்டதால் 2021 ஜூலையில் விற்பனையையே சிறிது காலம் நிறுத்தி, அந்த உறையை இலவசமாகக் கொடுத்தார்கள். அடுத்து, விற்பவர் உங்கள் முன்னாலேயே ஹெட்செட்டை முழுதாக அழித்து, உங்கள் தொலைபேசியோடு, உங்கள் கணக்கில், முகப்புத் திரை வரும் வரை கொண்டுவந்து காட்ட வேண்டும். அதற்கு முன் ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். மூன்றாவது, "இருபது கேம் உள்ளே இருக்கு" என்ற பேச்சுக்கு விலை கூட்ட வேண்டாம். விளையாட்டுகள் வாங்கியவரின் கணக்கோடு போய்விடும், பெட்டியோடு வராது.

புதிதாக வாங்குவதிலும் ஒரு சிக்கல் உண்டு. மெட்டா அதிகாரபூர்வமாக விற்கும் நாடுகளில் இலங்கை இல்லை. இங்கே வருபவை உறவினரின் சூட்கேசிலோ சிறு இறக்குமதியாளர் மூலமோ வருபவை. பழுதானால் உத்தரவாதம் வாங்கிய நாட்டில்தான். எனவே வாங்கித் தருபவரிடம் தொடரிலக்கம் தெரியும் பெட்டியையும் பற்றுச்சீட்டையும் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். சார்ஜரில் 100-240 வோல்ற் என்று இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பிளக் முள் மாற்றுவது நூறு ரூபா விடயம்.

வீட்டில் பொருத்துவதற்கு வருவோம். முதலில் ஒரு மணித்தியாலம் சார்ஜில் போடுங்கள். அதற்குள் தொலைபேசியில் மெட்டா ஹொரைசன் செயலியை இறக்கி ஒரு கணக்கைத் திறந்துகொள்ளலாம். முன்னர் பேஸ்புக் கணக்கு இல்லாமல் முடியாது என்றிருந்தது. 2022 ஓகஸ்ட்டோடு அந்தக் கட்டாயம் போய்விட்டது. கணக்கைப் பிள்ளையின் பெயரில் திறக்காமல் உங்கள் பெயரில் திறவுங்கள், கடவுச்சொல்லை எழுதி வையுங்கள். ஹெட்செட்டை வை-ஃபையில் இணைத்தவுடன் அப்டேட் இறங்கத் தொடங்கும். அது ஜீ.பி. கணக்கில் போகும், ஆகவே இரவு டேட்டா உள்ளவர்கள் இரவில் செய்யுங்கள். ரவுட்டரில் 2.4, 5 என்று இரண்டு இணைப்பு இருந்தால் 5 ஐத் தெரிவு செய்வது நல்லது. ரவுட்டர் அதே அறையில் இருந்தால் இன்னும் நல்லது.

அடுத்தது இடம். நின்று நடந்து விளையாட இரண்டு மீற்றருக்கு இரண்டு மீற்றர், அதாவது ஆறரை அடிச் சதுரம், காலியாக வேண்டும். எமது கொழும்பு வீடுகளில் அது இலேசான காரியமல்ல. ஹெட்செட்டே தரையைப் பார்த்து எல்லை வரையும். கொன்ட்ரோலரால் நீங்களும் வரையலாம். எல்லையை நெருங்கினால் கண்முன்னே வலைபோலத் தெரியும். அது சுவரிலிருந்து காப்பாற்றும், தலைக்கு மேல் சுழலும் மின்விசிறியிலிருந்து காப்பாற்றாது. விசிறிக்குக் கீழே நின்று எவரும் விளையாடக் கூடாது. கொன்ட்ரோலரின் பட்டியைக் கையில் மாட்டாமல் விளையாடவும் கூடாது, டீ.வி.யின் கண்ணாடி உடைவது அப்படித்தான். இடமில்லாவிட்டால் கதிரையில் இருந்தபடி பாவிக்கும் முறையைத் தெரிவு செய்யலாம்.

ஹெட்செட் தன் கமராக்களால் அறையைப் பார்த்தே தான் எங்கே இருக்கிறது என்று அறிகிறது. இருட்டில் அதற்கு வழி தெரியாது. பெரிய முகம் பார்க்கும் கண்ணாடியும் பளபளக்கும் ஷோகேசும் அதைக் குழப்பும். எங்கள் முன்னறையில் ஷோகேசுக்கு ஒரு சேலைத் துண்டைத் தொங்கவிட்ட பிறகு எல்லை நகர்வது நின்றது. வெயில் மாத்திரம் ஆகவே ஆகாது. ஜன்னலோரம் வில்லை வெளியே பார்க்கும்படி வைத்தால் வெயில் வில்லைக்குள் குவிந்து திரையைச் சுட்டுவிடும். சில நிமிடம் போதும். துடைப்பதற்குக் காய்ந்த மென்துணி மட்டும். ஸ்பிரிட் பட்டால் வில்லையின் பூச்சு கெடும்.

கூட வரும் பட்டி மெலிதானது. பாரம் ஏறத்தாழ அரைக் கிலோ முன்பக்கமே இருப்பதால் கன்னம் நோகும். பட்டியை இறுக்குவதை விட, பின்பக்கத்தைக் கழுத்துக் குழிக்கு மேல் இறக்கி, மேல் பட்டியால் பாரத்தைத் தூக்கிவிடுவதே சரி. முந்தானை, ஸ்கார்ஃப் போட்டுக்கொண்டு மாட்டும் பெண்களுக்குப் பட்டி வழுக்கும். வழுவழுப்பான துணிக்குப் பதில் பருத்தித் துணி என்றால் நிற்கும் என்பது வீட்டுக்காரியின் கண்டுபிடிப்பு. பற்றரி இரண்டு, இரண்டரை மணித்தியாலம் வரும். கொன்ட்ரோலருக்கு ஆளுக்கொரு சாதாரண பென் டோர்ச் பற்றரி.

முதல் நாள் எவரையும் ஓடும் பாயும் விளையாட்டில் ஏற்ற வேண்டாம். கண் ஓடுவதாகச் சொல்கிறது, காது நிற்பதாகச் சொல்கிறது. மூளை குழம்பிக் குமட்டல் வரும். வாகனத்தில் வாந்தி எடுப்பவர்களுக்கு இது சீக்கிரம் வரும். வந்தவுடன் கழற்றிவிட வேண்டும், பல்லைக் கடித்துத் தொடர்ந்தால் மாலை வரை தலை சுற்றும். இருந்த இடத்தில் செய்யும் விளையாட்டுகளில் பத்து நிமிடம் தொடங்கிக் கூட்டிக்கொண்டு போகலாம். அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை பத்துப் பதினைந்து நிமிட ஓய்வு என்று கம்பனியே சொல்கிறது. பத்து வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மெட்டா அனுமதிப்பதில்லை. பத்து முதல் பன்னிரண்டு வரை பெற்றோர் திறக்கும் கணக்கில் மட்டும். வலிப்பு நோய் உள்ளவர்கள், இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் வைத்தியரிடம் கேட்காமல் தொடக் கூடாது. பிள்ளை என்ன பார்க்கிறது என்று உங்களுக்குத் தெரிய வேண்டுமானால் காட்சியைத் தொலைபேசிக்கோ டீ.வி.க்கோ அனுப்பும் வசதி இருக்கிறது. எங்கள் வீட்டில் டீ.வி.யில் ஓடாமல் ஹெட்செட் ஓடாது என்பது சட்டம்.

பெட்டி வாங்கியதோடு செலவு முடியாது. பீட் சேபர் என்ற பிரபல விளையாட்டு ஒன்றே 30 டொலர், ஒன்பதாயிரம் ரூபா. கணக்கில் கார்டைப் பதிந்து வைத்தால் கொள்வனவுக்கு இரகசிய இலக்கம் கேட்கும்படி செய்துவிடுங்கள். முதலாவது வருடத்துக்குப் பெட்டியின் விலையில் கால்வாசியை இதற்கென்று ஒதுக்குவது நல்லது. இது என் சொந்தக் கணக்கு.

விற்கலாமா என்று கேட்கும் நண்பர்களுக்கு: வை-ஃபை, புளூடூத் உள்ள சாமானை விற்பனைக்கு இறக்கத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் விற்பனையாளர் அனுமதிப்பத்திரமும் அந்தச் சாதனத்துக்கான அங்கீகாரமும் தேவை. சூட்கேசில் ஒன்றிரண்டு வருவதும் பெட்டி பெட்டியாக வருவதும் ஒன்றல்ல. உத்தரவாதத்தை நீங்களே சுமக்க வேண்டிவரும் என்பதால், நூற்றுக்கு எத்தனை திரும்பி வரும் என்று கணக்கிட்டு விலையில் சேர்க்க முடியாதவர்கள் இறங்காமலிருப்பது நல்லது. துணைச் சாமான்கள் வேறு கதை. சிலிக்கோன் உறை, நல்ல தலைப்பட்டி, நீண்ட யூ.எஸ்.பி.-சி கேபிள், வில்லை மூடி இவற்றுக்கு அனுமதியும் வேண்டாம், மென்பொருளும் வேண்டாம். என் கடையில் கடந்த மாதம் இவற்றுக்கென்று ஒரு தட்டு ஒதுக்கியிருக்கிறேன்.

தங்கையின் மகன் இப்போது இரண்டு 3எஸ் உடன் வாடகைத் தொழிலைத் தொடங்கியிருக்கிறான், புதியவை, பற்றுச்சீட்டோடு. ஒன்று ஓடும்போது மற்றது சார்ஜில் கிடக்கிறது. முதல் கேள்வியாக வாடிக்கையாளரிடம் அவன் கேட்பது, உங்கள் வீட்டில் மின்விசிறி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது.